நடக்கத் தெரியாத வீரர்கள்

வர்ஜில் டிரேசி சுவரில் இருக்கும் ராக்கெட் ஓவியத்தில் முதுகைச் சாய்த்து நிற்பான். ஓவியம் அவனோடு சேர்ந்து கவிழும். தலைகீழாகச் சறுக்குப் பாதையில் வழுக்கிப்போய், நடுவழியில் திரும்பி, ‘தண்டர்பேர்ட் 2’ என்ற பச்சை நிறப் பெருவிமானத்தின் இருக்கையில் கச்சிதமாக வந்து உட்காருவான். அண்ணன் ஸ்காட்டுக்குச் சுழலும் சுவர். கடைக்குட்டி ஆலனுக்குத் தரைக்குள் இறங்கும் சோபா. ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்று சொல்லும் குடும்பம், வீட்டிலிருந்து வண்டி ஏறுவதற்கு இத்தனை சுற்றுவழி வைத்திருக்கிறது. படி இறங்கிப் போனால் ஆகாதா?

ஆகாது. அவர்களால் நடக்க முடியாது.

ஜெர்ரி ஆண்டர்சனும் அவர் மனைவி சில்வியாவும் உருவாக்கிய ‘தண்டர்பேர்ட்ஸ்’ 1965 செப்டம்பர் 30 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கியது. மொத்தம் 32 அத்தியாயங்கள். லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ தொழிற்பேட்டையில் அமைந்த படப்பிடிப்புக் கூடத்தில் ஏறக்குறைய இரண்டடி உயரப் பொம்மைகளைக் கொண்டு எடுக்கப்பட்டது. அவர்களுடைய முறைக்கு ‘சூப்பர்மேரியோனேஷன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நடிகர்கள் பேசிய வசனத்தை முதலில் ஒலிநாடாவில் பதிவார்கள். அந்த ஒலி மின்குறிப்பாக மாறி, பொம்மையைத் தாங்கும் மெல்லிய டங்ஸ்டன் கம்பி வழியாகவே இறங்கித் தலைக்குள் இருக்கும் மின்காந்தச் சுருளை அடையும். சுருள் இழுக்க, கீழுதடு வசனத்துக்கு ஏற்ப அசையும். மரபான நூல்பொம்மையில் இல்லாத நுட்பம் இது. ஆனால் சுருளுக்கு இடம் வேண்டுமே. அதனால் தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்தது. கால் கதை இன்னும் மோசம். கால் தரையை அழுத்த உடம்பில் எடை வேண்டும். மேலிருந்து தொங்கும் பொம்மைக்கு அது கிடையாது. நடக்கவிட்டால் மிதக்கும், துள்ளும், தள்ளாடும்.

இந்தக் குறையைத் தயாரிப்பாளர் ஜெர்ரி ஆண்டர்சன் நன்றாக அறிந்திருந்தார். இன்னும் சொன்னால், அதற்காக வெட்கப்பட்டார். 1957இல் பணமுடையில் இருந்தபோது கைக்கு வந்த குழந்தைகள் தொடர் ஒன்று பொம்மைத் தொடராக இருந்ததால்தான் ஆண்டர்சன் இந்தத் துறைக்குள் வந்தார். மனித நடிகர்களை வைத்துப் படமெடுப்பதே அவர் ஆசை. ஆகவே எடுப்பது பொம்மைப் படம் என்பதைப் பார்ப்பவர் மறக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொடரிலும் பாடுபட்டார். ஜப்பானின் புன்ராக்கு அரங்கில் கருப்பு உடையில் பொம்மலாட்டக்காரர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நிற்பார்கள். அதனால் பொம்மையின் துயரம் ஒரு துளியும் குறைவதில்லை. ஸ்லௌ கூடத்திலோ கம்பி தெரிந்துவிடக் கூடாதென்று அதற்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். என் பார்வையில், ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொடரின் பெருமை, சிறுமை இரண்டுக்கும் ஊற்று இந்த வெட்கமே.

பெருமையை முதலில் பார்க்கலாம். நடக்க முடியாதவனை நகர்த்த வேண்டுமென்றால் அவனைச் சுற்றியுள்ள உலகம் நகரவேண்டும். நகரும் தளம், மிதக்கும் வண்டி, சறுக்குப் பாதை, பின்னுக்கு ஒதுங்கும் நீச்சல்குளம், இருபுறமும் சாய்ந்து வழிவிடும் பனைமரங்கள் என்று வடிவமைப்பு முழுவதும் இந்தத் தேவையிலிருந்து கிளைத்தது. பொம்மை எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு இயந்திரங்கள் உயிர் பெறுகின்றன. ஒருமுறை எடுத்த புறப்பாட்டுக் காட்சியை வாராவாரம் மறுபடி போட்டுச் செலவை மிச்சம் பிடித்தார்கள். பேரி கிரேயின் இசையோடு அதுவே சடங்காகி, பிள்ளைகள் காத்திருந்து பார்க்கும் இடமானது.

அந்த இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்தவர் டெரிக் மெடிங்ஸ். முதல் அத்தியாயத்தில் சக்கரங்களை இறக்க முடியாத ஃபயர்ஃபிளாஷ் என்ற அணுசக்திப் பயணிகள் விமானத்தை, ஓடுபாதையில் அதன் அடியிலேயே விரையும் வண்டிகளின் மேல் இறக்கவேண்டும். சிறு கூடத்துக்குள் இவ்வளவு நீள ஓடுபாதை ஏது? மெடிங்ஸ் மாதிரி விமானத்தை நின்ற இடத்திலேயே தொங்கவிட்டு, ஓடுபாதையையும் பின்னணியையும் சுழலும் பட்டைகளாக்கி ஓடவிட்டார். வெடிப்புகளை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் படம்பிடித்து, ஓட்டும்போது தீப்பிழம்பு மெதுவாகப் பிதுங்கி எழும்படி செய்தார். புது மாதிரிகள்மேல் புகைக்கறையும் எண்ணெய் அழுக்கும் பூசினார். அதுவரை திரையில் எதிர்காலம் பளபளவென்றிருக்கும். இவர் காட்டிய எதிர்காலம் நேற்றும் வேலை பார்த்த எதிர்காலம். பின்னாளில் மெடிங்ஸ் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கும் ‘சூப்பர்மேன்’ படத்துக்கும் போனார். அவரிடம் வேலை பார்த்த பிரையன் ஜான்சன் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’, ‘ஏலியன்’ என்று போனார். ஸ்லௌ கூடம் ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

தந்திரம் செல்லாத இடங்களும் உண்டு. தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. கடல் காட்சிகளில் கப்பல் மேல் தெறிக்கும் துளி தலையளவு பெரிதாக விழுந்து குட்டை உடைத்துவிடும். பொத்தானை அழுத்தும் நெருக்கக் காட்சியில் திடீரென்று நிஜ மனிதக் கை வரும். நகமும் ரேகையும் உள்ள அந்தக் கையைப் பார்த்தபின் அடுத்த காட்சியில் வரும் முகம் இன்னும் பொம்மையாகிறது. மறைக்க நினைத்ததை இவ்வளவு பச்சையாகக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு உத்தி இந்தத் தொடரில் இல்லை. பூத முதலைகள் வரும் அத்தியாயத்துக்கு உயிருள்ள முதலைக் குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவை அசைய மறுத்தபோது மின்னதிர்ச்சி கொடுத்ததாகப் படப்பிடிப்பில் இருந்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். நம்பகத்தன்மை என்ற ஆசை எதுவரை போகும் என்பதற்கு அது ஓர் அளவு.

கதைப் பக்கம் வருவோம். 1963இல் மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே இரும்புச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. இரண்டு வாரத்துக்குப் பின் 11 பேர் துளை வழியே உயிரோடு மீட்கப்பட்டார்கள். துளையிடும் கனரக இயந்திரம் தொலைவிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததை ஆண்டர்சன் கவனித்தார். மீட்புக் கருவிகள் எப்போதும் தயாராக இருந்தால் என்ற கேள்வியிலிருந்து டிரேசி குடும்பத்தின் ‘சர்வதேச மீட்புப் படை’ பிறந்தது. சாகசத் தொடர் என்றால் யாரையாவது சுட்டு வீழ்த்தவேண்டும் என்றிருந்த காலத்தில், பெரும்பாலான அத்தியாயங்களில் எதிரி ஒரு பழுதுதான்: காட்டை விழுங்கும் அணுசக்தி மரவெட்டி, இடம் மாற்றும்போது சரியும் எம்பயர் ஸ்டேட் கட்டடம், சூரியனை நோக்கிப் போய்த் திரும்ப முடியாத விண்கலம். பெரிய இயந்திரம் பிசகும், இன்னும் பெரிய இயந்திரம் வந்து காப்பாற்றும். இந்த வட்டத்தைத் தொடர் ஒருபோதும் கேள்வி கேட்பதில்லை.

முதல் அத்தியாயத்தைப் பார்த்த தொலைக்காட்சி அதிபர் லியூ கிரேடுக்கு மிகவும் பிடித்துப்போய், 25 நிமிடத்தை ஒரு மணிநேர ஒளிபரப்புக்கு நீட்டச் சொன்னார். ஏற்கெனவே முடித்து வைத்திருந்தவற்றுக்கும் காட்சிகள் சேர்க்கவேண்டி வந்தது. அந்தப் பாராட்டின் விலையை இன்று பார்க்கும்போது உணரலாம். அளவுமானி முள்ளைக் காட்டுகிறார்கள், வானொலியில் செய்தி சொல்கிறார்கள், பதில் வருகிறது, மறுபடி முள். சில அத்தியாயங்களை முன்னோக்கி ஓட்டாமல் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் அதே நீளம்தான் உளவாளி லேடி பெனிலோப்பிக்கும், பூட்டு உடைப்பதில் தேர்ந்த அவள் கார் ஓட்டுநர் பார்க்கருக்கும் இடம் கொடுத்தது. ஆறு சக்கர இளஞ்சிவப்பு ரோல்ஸ் ராய்ஸில் அவர்கள் பேசிக்கொண்டு போகும் நேரத்தில்தான் இந்தப் பொம்மைகள் குணச்சித்திரங்களாகின்றன. பெனிலோப்பியின் குரல் சில்வியாவுடையது; உளவாளியாகத் துணிந்து செயல்படும் பெண்ணை 1965இல் முன்னிறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கவேண்டும். அவளையே ஓர் அத்தியாயத்தில் ரயில் வரும் பாதையில் கட்டிப்போட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

மன்னிக்கக் கடினமானது வேறு. நிரந்தர வில்லன் ஹூட், மலேசியக் காட்டில் கோயிலுக்குள் கண் ஒளிர மந்திரம் போடுபவன். அவனுடைய சகோதரன் கைரானோ, டிரேசி வீட்டின் பணிவான வேலையாள். அமெரிக்க வெள்ளையர்கள் அறிவியலால் உலகைக் காக்க, ஆசியாவுக்கு மாயமும் சேவகமும் மிச்சம். கைரானோவின் மகள் டின்-டின் படித்த தொழில்நுட்பப் பெண் என்கிறார்கள். அந்தப் படிப்புக்குத் திரையில் கிடைக்கும் வேலை சொற்பம்.

அமெரிக்கச் சந்தைக்காகவே டிரேசி வீட்டுப் பிள்ளைகளுக்கு நாசாவின் மெர்குரி விண்வெளி வீரர்கள் பெயரை வைத்தார்கள். பிரிட்டிஷ் வீடுகளில் கருப்பு வெள்ளைப் பெட்டி இருந்த நாளில் வண்ணத்தில் எடுத்தார்கள். அந்தச் சந்தையின் பெரிய தொலைக்காட்சி வலையமைப்புகள் வாங்கவில்லை. 1966 கிறிஸ்துமஸோடு தொடர் நின்றது.

அதன்பின் நடந்தது இந்த முறையைப் பற்றி அதிகம் சொல்கிறது. 1967இல் வந்த ‘கேப்டன் ஸ்கார்லெட்’ தொடரில் சுருளை மார்புக்கு மாற்றினார்கள். தலை மனித விகிதத்துக்கு வந்தது. வெட்கத்துக்குக் காரணமான குறை ஒன்று தீர்ந்தது. பொம்மைகள் அழகாயின, கூடவே உறைந்தும் போயின. பார்க்கரின் கேலிச்சித்திர முகத்தில் ஒரு புருவம் செய்த வேலையை இந்த அழகு முகங்களால் செய்ய முடியவில்லை. நடை என்னவோ முன்னைப் போலவே. அந்தத் தொடரின் இருண்ட தொனிதான் உச்சம் என்பவர்கள் உண்டு. கதையைப் பொறுத்தவரை எனக்கும் பாதி சம்மதம். 1969இன் ‘தி சீக்ரெட் சர்வீஸ்’ தொடரில் நடக்கும் காட்சிகளுக்கு நிஜ நடிகரையே போட்டுவிட்டார்கள். அதோடு பொம்மைக்கே வேலை இல்லை. 1970இல் ஆண்டர்சன் விரும்பியபடி மனிதர்களோடு ‘யுஎஃப்ஓ’ எடுத்தார். அதிலும் என் நினைவில் நிற்பவை விண்கலங்கள்தான்.

2004இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, மனித நடிகர்களோடு எடுத்த ‘தண்டர்பேர்ட்ஸ்’. எல்லோரும் நன்றாக நடந்தார்கள், ஓடினார்கள்; படம் தோற்றது. இன்னொன்று ‘டீம் அமெரிக்கா’. கம்பி பளிச்சென்று தெரிய, பொம்மைகளை வேண்டுமென்றே தள்ளாட விட்டுச் சிரிப்பு மூட்டிய நையாண்டி. ஆண்டர்சன் ஒளித்து வைத்ததையே அது மூலதனமாக்கியது. 2015இல் கணினி வரைகலைப் பாத்திரங்களோடு தொடர் மறுபிறப்பு எடுத்தபோது பின்னணிக்கு இன்னும் கையால் செய்த மாதிரி அரங்குகள் தேவைப்பட்டன. அதே ஆண்டு ரசிகர்கள் பணம் திரட்டி, 60களில் பதிவான பழைய குரல்களுக்குப் பழைய முறையிலேயே பொம்மைகளை ஆட்டி மூன்று அத்தியாயங்கள் எடுத்தார்கள். மூன்றில் என்னைக் கவர்ந்தவை பேச்சுக் காட்சிகள். ஒலியைக் கேட்டு உதடு அசைய, தலை லேசாகச் சாய, அவ்வளவிலேயே ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைய உயர்தெளிவுத் திரையில் கம்பிகள் 1965இல் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிகின்றன. அவற்றைக் கணினியில் அழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வேண்டாம் என்பதே என் வாக்கு.