கட்டளைப்பட்டியும் பயனரின் உரிமையும்

கணினி மென்பொருள்கள் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் விலையையும் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. திரையின் மேற்புறத்தே விரியும் 'மெனு' எனப்படும் கட்டளைப்பட்டி விமர்சகரின் கவனத்தை அரிதாகவே ஈர்க்கின்றது. ஆயினும், மனிதனுக்குக் கருவி இசைதல் வேண்டுமா, கருவிக்கு மனிதன் இசைதல் வேண்டுமா என்னும் வினா மிகத் தெளிவாக எழுமிடம் அதுவேயாகும். 1999இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2000 இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கது.

அதற்கு முன்னைய பதிப்புகளிற் பட்டியைத் திறந்ததும் அதற்குரிய கட்டளைகள் யாவும் ஒருங்கே தோன்றின. ஒபிஸ் 2000 இவ்வழக்கைக் கைவிட்டது. பட்டி முதலிற் சுருங்கிய வடிவிலேயே விரிந்தது; சில விநாடிகள் காத்திருந்தாலோ, அடியிலிருந்த இரட்டை அம்புக்குறியை அழுத்தினாலோதான் எஞ்சியவை வெளிப்பட்டன. பயன்படுத்தப்பட்ட கட்டளை சுருங்கிய பட்டியில் இடம்பெற்றது. நெடுநாள் தீண்டப்படாதது மறைந்தது. கட்டளைகள் பெருகிப் பயனரைத் திணறச்செய்த அக்காலத்தில், பட்டியைச் சுருக்க முனைந்தமை நியாயமானதே. சுருக்கும் பொறுப்பை எண்ணிக்கையிடம் ஒப்படைத்தமையே குறைபாடாயிற்று.

பழகிய பயனர் பட்டியை வரிவரியாக வாசிப்பதில்லை. கட்டளை இருக்குமிடத்தைக் கை அறிந்திருக்கும். இடம் மாறியதும் அப்பழக்கம் பயனற்றுப்போகிறது. மேலும், அரிதாகப் பயன்படுவது தேவையற்றது எனக் கொள்வதும் பொருந்தாது. ஆய்வேடு எழுதும் மாணவர் பொருளடக்கம் அமைக்கும் கட்டளையை ஆண்டுக்கு ஒருமுறையே நாடுவார். சமர்ப்பிப்பதற்கு முதல்நாள் இரவு அது காணாமற்போயிருப்பின் அவர் நிலையை விபரிக்க வேண்டியதில்லை.

இதிலுள்ள முரண்பாடு யாதெனில், தக்க கருவியும் அதே மென்பொருளில் இருந்தமையாகும். பட்டிகளை மாற்றியமைப்பதற்கென இருந்த பெட்டியைத் திறந்து, வேண்டிய கட்டளையைப் பட்டிக்கு இழுத்துச் சேர்க்கவும், வேண்டாததை அகற்றவும், புதிய பட்டியொன்றையே ஆக்கவும் பயனருக்கு இயலும். தானே சுருங்கும் பண்பை நிறுத்தும் வசதியும் அப்பெட்டியிலேயே இருந்தது. ஆனால் அதனை அறியாதாருக்குச் சுருக்கமே இயல்பு நிலையாக விதிக்கப்பட்டிருந்தது. பயனர் தாமாக எதனையும் மாற்றியமைக்கமாட்டார் என்ற கணிப்பு இதன் பின்னால் இருந்ததெனக் கருத இடமுண்டு.

அக்கணிப்பை ஆய்வுகள் ஐயத்துக்குரியதாக்கின. ஜொவானா மக்கிரெனியரும் சக ஆய்வாளரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேர்ட் 2000ஐப் பயன்படுத்தும் 20 பேருக்கு, தாமே கட்டளைகளைத் தேர்ந்து சேர்க்கத்தக்க எளிய இடைமுகமொன்று வழங்கப்பட்டது. முழு இடைமுகத்துக்கு உடனே திரும்பும் வழியும் அதிலிருந்தது. பெரும்பான்மையோர் தானே மாறும் பட்டியிலும் பார்க்க இதனையே விரும்பினர். 2004இல் லியா ஃபின்ட்லேற்றருடன் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தானே மாறும் பட்டியைவிட மாறாத பட்டியே விரைவானதாகக் காணப்பட்டது. அங்கும் பலர் விரும்பியது தாம் மாற்றத்தக்க பட்டியையே. மாற்றும் கருவி எளிதாயின் மக்கள் அதனைக் கையாள்வர் என்பதை இவை புலப்படுத்துகின்றன.

ஒபிஸ் 2007 பழைய பட்டிகளுக்குப் பதிலாக 'ரிபன்' என்னும் அகன்ற கட்டளை நாடாவை முதன்மைச் செயலிகளிற் புகுத்தியது. கட்டளைகள் இடம்பெயரும் தொல்லை நீங்கியது. ஆனால் பயனரின் உரிமையும் உடன் நீங்கியது. சிறியதொரு விரைவுக் கருவிப்பட்டை மட்டுமே அவருக்கு விடப்பட்டது. நாடாவை மாற்ற விரும்பியவர் எக்ஸ்எம்எல் நிரல் எழுத வேண்டியவரானார். தட்டச்சுச் செய்யும் எழுதுவினைஞரிடம் இதனை எதிர்பார்த்தல் பரிகாசமேயன்றி வேறன்று.

ஒபிஸ் 2010இல் அவ்வுரிமை ஓரளவு மீட்கப்பட்டது. பயனர் புதிய தாவல்களையும் குழுக்களையும் ஆக்கலாம். ஆயினும் நிறுவனம் வகுத்த குழுவுக்குள் ஒரு கட்டளையைச் சேர்க்கவோ, அதிலிருந்து ஒன்றை மட்டும் நீக்கவோ அப்பெட்டி இடந்தரவில்லை. முழுக் குழுவையும் வைத்திருக்கலாம், அல்லது முழுவதையும் அகற்றலாம். முன்னைய பட்டியில் ஒற்றைக் கட்டளையை இழுத்தெறிய முடிந்தவருக்கு இது முன்னேற்றமாகத் தோன்றுமா என்பது ஐயமே.