இரும்பில் புடைத்த 44

பழைய ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பை விலை பேசப் போகிறவர்கள் பெயிண்ட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் படுத்து அடிவயிற்றைப் பார்ப்பேன். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் வந்த நான்கு சக்கர இயக்க எஃப்-250-க்கு முன்னால் டானா 44 ஆக்சில், பின்னால் டானா 60 ஆக்சில். அதுதான் கம்பெனி ஜோடி.

முன் ஆக்சிலில் கம்பி பிரஷ்ஷால் கிரீஸும் மண்ணும் இறுகிய அடையைச் சுரண்டுங்கள். கிரவுன் வீல் இருக்கும் உருண்டையின் விளிம்பில், வார்ப்பிலேயே புடைத்த எண் மெல்ல எழுந்து வரும். விரலால் தடவினாலே 44 என்று தெரியும். எனக்கு அந்த நொடி போதும். அந்த உருண்டையின் மூடியில் உள்ள போல்ட்டை எண்ணி முடிவு கட்டாதீர்கள். இரண்டு ஆக்சிலுக்கும் பத்துதான். பின்பக்கம் கழற்றும் மூடியே இல்லையென்றால், எஃப்-100-இல் வரும் 9 அங்குல ஆக்சிலை யாரோ மாட்டியிருக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது பல் கணக்கு. பின்னால் கிரவுன் வீலுக்கு 41 பல், அதைச் சுழற்றும் பினியனுக்கு 10, அதாவது 4.10. முன்னால் 45-க்கு 11, அது 4.09. அளவில் வேறான இரண்டு கிரவுன் வீல்களின் விகிதங்கள் மயிரிழையில் ஒத்துப்போகின்றன. ஒன்றை மட்டும் வேறு விகிதத்துக்கு மாற்றிவிட்டால், காய்ந்த ரோட்டில் நான்கு சக்கர இயக்கம் போட்டதும் டயர் தேயும், டிரான்ஸ்பர் கேஸ் திணறும்.

மூடி போல்ட்டில் தொங்கும் சின்னத் தகட்டில் இந்த விகிதம் பொறித்திருக்கும். ஆயில் மாற்றும்போது அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துடைத்து அதே போல்ட்டில் மாட்டுங்கள்.