துவக்கு ஆமையானபோது

லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் 'வாழ்வின் மரம்' என்ற இரும்புச் சிற்பத்தின் படங்களை நண்பர் ஒருவருக்குக் காட்டினேன். "மரம் சரி, அடியில நிற்கிற ஆமை, பல்லி, பறவைகளுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று உடனே கேட்டார். நியாயமான கேள்விதான்.

மொசாம்பிக்கின் உள்நாட்டு யுத்தம் 1992இல் முடிந்தது. துவக்குகள் முடியவில்லை, வீடுகளில் கிடந்தன. ஆயுதத்தைத் தந்தால் தையல் மெஷின், சைக்கிள், மண்வெட்டி தருவோம் என்று 1995இல் அங்குள்ள கிறிஸ்தவப் பேரவை ஒரு திட்டம் தொடங்கியது. வாங்கிய துவக்குகளை வெட்டித் துண்டாக்கிச் சிற்பிகளிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் உட்பட நால்வர் அவற்றை வெல்டிங் பண்ணி 2004இல் எழுப்பியது இந்த மரம். உயரம் மூன்றரை மீட்டர், எடை அரைத் தொன்.

பிக்காசோவும் கிடைத்த பொருளில் மிருகம் செய்தவர். 1951இல் இரண்டு விளையாட்டுக் கார்களை ஒட்டிக் குரங்கின் முகமாக்கினார். கெட்டித்தனம்தான். ஆனால் பிறகு அதை வெண்கலத்தில் வார்த்தபோது கார் வெறும் வேடிக்கையாகிவிட்டது. மாபுட்டோ சிற்பிகள் எதையும் வார்க்கவில்லை, பூசி மறைக்கவுமில்லை. குழல் குழலாகவே தெரிகிறது. ஆமையைப் பார்க்கிறவருக்கு ஏகே 47ஐப் பார்க்காமலிருக்க வழியில்லை.

நண்பரின் கேள்விக்கு வருவோம். ஃபத்வா சொல்ல நான் ஆளில்லை. மரத்தையும் உயிரற்றதையும் வரையலாம் என்ற இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பை நாமெல்லாம் அறிவோம். அதேவேளை 1181-82இல் குராசானில் ஜஃபர் இப்னு முஹம்மத் என்ற கைவினைஞர் வெண்கலத்தில் ஒரு சிங்கம் செய்தார், சாம்பிராணிப் புகைக்கு. உடம்பெல்லாம் துளைகள், கொடிப் பின்னல், அரபு எழுத்து. உயிருள்ள சிங்கம் என்று யாரும் ஏமாறமாட்டார்கள். இந்தத் துவக்குப் பறவைகளிலும் நான் காண்பது அந்த ஒளிவுமறைவின்மையைத்தான். படைப்போடு போட்டிபோடும் எண்ணம் அவற்றில் எங்கே இருக்கிறது? நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. அந்தத் துவக்குகள் வெளிநாடுகளில் செய்யப்பட்டு மொசாம்பிக்குக்கு வந்தவை. மரத்தைச் செய்விக்கச் சொன்னதும் பிரித்தானிய நூதனசாலையும் ஒரு பிரித்தானிய உதவி நிறுவனமும்தான். துவக்கைக் கொடுத்துவிட்டு மண்வெட்டி வாங்கிப்போன விவசாயி அந்த ஆமையைப் பார்க்க விசா எடுக்கவேணும்.