மீள்மொழிபெயர்ப்பும் பொருள் நிகர்மையும்: ரஷ்ய மொழி பேசும் அகதிகளுக்கான உடல்நல வினாநிரல்கள்

மொழிபெயர்ப்புப் பிழை இலக்கியத்தில் சுவையைக் கெடுக்கும்; உடல்நல வினாநிரலிலோ ஒருவரது நோய்நிலையையே மாற்றிக் காட்டிவிடும். 1989ஆம் ஆண்டு லாட்டன்பர்க் சட்டத்திருத்தம், சோவியத் யூதர் முதலியோர் அமெரிக்காவில் அகதிகளாக ஏற்கப்படுவதை எளிதாக்கியது. 2022 முதல் உக்ரேனை விட்டு வெளியேறியோரிலும் ரஷ்ய மொழி பேசுவோர் பலர். இவர்களுக்காக ஆங்கில வினாநிரல்களைத் தழுவும்போது மீள்மொழிபெயர்ப்பு ஒன்றே போதிய சான்றாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய இம்முறையில், ஒருவர் பெயர்த்ததை மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பார். இரண்டும் ஒத்திருப்பின் பெயர்ப்புச் சரியெனக் கொள்ளப்படும். பிழை களைய இது துணைசெய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இது சொல்லைச் சோதிக்கிறதேயன்றி, விடையளிப்பவர் அச்சொல்லை எவ்வாறு கொள்கிறார் என்பதைச் சோதிப்பதில்லை.

எஸ்.எஃப்.-36 எனும் வினாநிரல், மிதமான உடலுழைப்புக்குக் கோல்ஃப் ஆட்டத்தையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. ‘கோல்ஃப்’ எம்மொழிக்குச் சென்றாலும் பழுதின்றி மீளும். ஆனால், அவ்வாட்டத்தை அறியாத சோவியத் முதியவர் தம் உடல்வலிமையை அதைக்கொண்டு எங்ஙனம் அளப்பார்? அதே வினாநிரலின் உடல்நல மதிப்பீட்டில், ‘மோசம்’ என்பதற்கு முந்தைய படி ‘ஃபேர்’. இதனைத் ‘திருப்திகரம்’ எனப் பொருள்படும் ரஷ்யச் சொல்லால் பெயர்த்தால், அது ரஷ்யப் பள்ளிகளில் தேர்ச்சிக்குரிய மூன்றாம் மதிப்பெண்ணின் பெயராகவும் அமையும். குறையில்லை என்னும் கருத்தில் அதனைத் தெரிந்தவர் நலங்குன்றியவராகக் கணிக்கப்படக்கூடும்.

இலக்கணமும் இடர்தரும். தமிழில் ‘சோர்ந்தேன்’ இருபாலுக்கும் பொது. ரஷ்ய இறந்தகால வினையோ தன்மையிலும் பால்காட்டும்: ஆண் ‘உஸ்தால்’ என்பார், பெண் ‘உஸ்தாலா’ என்பார். ஆண்பால் வடிவம் மட்டும் அச்சிடப்பட்ட படிவத்தைப் பெறும் பெண், அது தம்மை நோக்கியதன்று எனக் கருத இடமுண்டு.

இவற்றினும் ஆழமானது அச்சம். சோவியத் ஆட்சியில் மனநல மருத்துவம் அரசியல் எதிர்ப்பாளர்களை அடக்கவும் பயன்பட்டது. மனநல மருந்தகப் பதிவேட்டில் பெயர் ஏறுவது வேலைவாய்ப்பைப் பாதிக்கக்கூடியதாக இருந்தது. அந்நினைவுடையோர் மனச்சோர்வு பற்றிய வினாவுக்கு ‘இல்லை’ என விடையளித்தால், அதனை நலத்தின் அறிகுறியாக மட்டும் கொள்ளல் தகாது. விடைகளை யார் காண்பர் என்பதை முன்னரே தெளிவுறுத்தல் வேண்டும். போருக்குப்பின் உக்ரேனியரிற் சிலர் ரஷ்ய மொழியைத் தவிர்க்க விரும்புவதால், மொழித்தெரிவும் அவர்களிடமே விடப்பட வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு வழிகாட்டி, மீள்மொழிபெயர்ப்புடன் நிறுத்தாமல், விடையளிப்போரிடம் வினாவைப் புரிந்துகொண்ட விதத்தைக் கேட்டறியும் முன்சோதனையையும் வலியுறுத்துகிறது. காலநெருக்கடியைக் காட்டி இப்படியை விடுதல் கூடாது. மீள்மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்கும். வினாநிரலைச் சோதிக்கத் தகுந்தவர் அதற்கு விடையளிப்பவரே எனலாம்.