மௌனத்துக்கு யார் உரை எழுதுவது?

பிரதிக்குள் ஆசிரியனின் மனதைத் தேடாதே என்று 1960களின் கடைசியில் ரோலான் பார்த் சொன்னதை நம் சிறுபத்திரிகைகள் பேசிப் பேசிச் சலித்துவிட்டன. ஆனால் கையெழுத்துப் போட்டவன் மனதை விடாமல் துருவுகிற வாசகன் ஒருவன் இருக்கிறான்: நீதிமன்றம். அந்த வாசிப்பைப் பற்றி நாம் பேசியது குறைவு.

எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் கிரய அக்ரிமெண்ட் தெரியாதவர் கிடையாது. விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மீதியை இத்தனை மாதத்துக்குள் கட்டிக் கிரயம் பெறுவதாக எழுதிக்கொள்வது. விற்கிறவர் பின்வாங்கினால் வாங்குகிறவர் கோர்ட்டுக்குப் போகிறார். 'வாதி எந்நாளும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்து வருகிறார்' என்று பிராதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். வக்கீல்கள் ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட் என்கிற 1963ஆம் வருடச் சட்டத்தின் 16(சி) பிரிவு கேட்கிற வரி அது. 2018 திருத்தம் வரை இதைச் சொல்லவும் வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும். இப்போது நிரூபித்தால் போதும். தயார் என்பது பணம் கட்டும் சக்தி. விருப்பம்? அது நடத்தையிலிருந்து ஊகிக்கப்படுவது. மனசை யார் பார்த்தது?

மதுரை நகரத்து வீடு ஒன்றின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1997இல் தீர்ந்தது. 1978 டிசம்பரில் அறுபதாயிரத்துக்குப் பேச்சு, ஐயாயிரம் முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்குகிறவர் நோட்டீஸ் விட்டது 1981 ஜூலையில். இடையில் இரண்டரை வருடம் எழுத்தில் ஒன்றுமில்லை. அந்த மௌனத்தை நீதிபதி ஜீவன் ரெட்டி அவருக்கு எதிராகவே வாசித்தார். நகரத்தில் சொத்து விலை ஏறுகிற காலத்தில் ஒருவன் கெடுவைக் கடந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய விலைக்கே கிரயம் கேட்பது நியாயமில்லை என்றார். எனக்கு இந்த வாசிப்பு சரியாகவே படுகிறது. காத்திருந்தவனுக்கு லாபம், விற்றவனுக்கு நட்டம் என்றால் அந்த மௌனம் வெறும் மௌனமல்ல, பேரம்.

இதே உச்சநீதிமன்றம் 1978இல் மதுரா வழக்கில் இன்னொரு மௌனத்தை வாசித்தது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமி. உடம்பில் காயமில்லை, அவள் எதிர்த்ததாகத் தெரியவில்லை, ஆகவே சம்மதம் என்று முடிவுகட்டி, உயர்நீதிமன்றம் தண்டித்த இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு பேர் 1979இல் திறந்த கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்பது அவர்கள் வாதம். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

சிவில் வேறு, கிரிமினல் வேறு என்று வக்கீல் நண்பர்கள் அடிக்க வருவார்கள். வேறுதான். ஆனால் விருப்பம் இருந்தால் கடிதம் போட்டிருப்பான், விருப்பம் இல்லையென்றால் கத்தியிருப்பாள் என்று இரண்டிலும் கோர்ட் ஒரு கற்பனை மனிதனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. முதலாமவனுக்கு அஞ்சலகமும் வக்கீலும் எட்டும் தூரத்தில். இரண்டாமவளுக்கு ஸ்டேஷன் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கற்பனை மனிதனுக்கு வர்க்கமும் பாலும் சாதியும் உண்டு. தீர்ப்பில்தான் அவை எழுதப்படுவதில்லை.

நம் ஊர் நிலவரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடன் கொடுப்பவர் ஈடாக அடமானம் எழுதாமல் கிரய அக்ரிமெண்ட்டே எழுதி வாங்கிக்கொள்வார். 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று பத்திர எழுத்தர் எழுதிய வரியின் கீழ் சம்சாரி கைநாட்டு வைக்கிறார். எழுத்தில் இருப்பதை வாய்ச்சொல்லால் மறுக்க முடியாது என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் அது 95. ஆனால் பத்திரமே வேறு காரியத்துக்காகப் போட்ட வேஷம் என்று சொல்ல வழி உண்டு என்று 1980களின் தொடக்கத்திலேயே உச்சநீதிமன்றம் திறந்துவிட்டிருக்கிறது. 'ஐயா, இது கடனுக்கு எழுதுனது' என்று சம்சாரி கூண்டில் ஏறிச் சொல்லலாம். பேசிய விலை சந்தை விலைக்கு எவ்வளவு கீழே, மாதாமாதம் வட்டி கட்டினாரா, கடன் கொடுத்தவர் ஊரில் இப்படி இன்னும் எத்தனை அக்ரிமெண்ட் வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் கொண்டுவர வேண்டும். வட்டியை ரொக்கமாக வாங்குகிறவர் ரசீது கொடுப்பதில்லை.