மகமைக் கணக்கு

அம்பத்தூரில் நான் வழக்கமாகப் போகும் பழைய பேப்பர் கடையில் ஒரு நாள் ஒரு பேரேடு அகப்பட்டது. பூந்தமல்லிப் பக்கத்து மளிகைக் கடை ஒன்றினுடையது. தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'லாபம்'. பருப்பும் வெல்லமும் எண்ணெயுமாகப் போன கணக்கில் ஓர் இடத்தில், அடகு வைத்த தோட்டுக்கு வட்டி வரவு. அடுத்த வரியில் மகமை, அதாவது தர்மத்துக்கென்று ஒதுக்கிய தொகை. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே மை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் கதையில் வட்டிக்காரர் வந்தால் வட்டி மட்டுமே வாங்குவார். தர்மவான் வந்தால் தர்மம் மட்டுமே செய்வார்.

அந்த வெட்கத்தோடுதான் பம்பாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் வியாபாரக் கடிதங்களைப் பற்றிப் படித்தேன். 1783-ல் பிறந்து, இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, ஐந்து முறை சீனாவுக்குக் கப்பலேறிய பார்ஸி அவர். 1805-ல் அவர் போன கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கப்பலின் வைத்தியர் வில்லியம் ஜார்டின், பின்னால் 1832-ல் ஜார்டின் மாதீசன் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர். சிறைப்பட்ட நாளில் தொடங்கிய சிநேகம் பருத்தி வியாபாரமாயிற்று. அபினி வியாபாரமும் ஆயிற்று. ஜீஜீபாயின் கடித நகல் புத்தகங்கள் இன்று மும்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஜார்டின் கம்பெனியின் காகிதங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில்.

நம் ஆனந்தரங்கப் பிள்ளையும் வியாபாரிதான். ஆனால் அவர் எழுதியது நாட்குறிப்பு. சரக்கு விலைக்குப் பக்கத்திலேயே அவருடைய கோபமும் பெருமையும் இருக்கும். வியாபாரக் கடிதத்தில் அந்த வசதி இல்லை. சரக்கு, விலை, கப்பல், உண்டியல் என்று அது பேசிக்கொண்டு போகும். அபினிப் பெட்டியும் பஞ்சுப் பொதியும் அதில் ஒரே குரலில் பேசப்படும்.

1839-ல் சீன அதிகாரி லின் 20,283 பெட்டி அபினியைப் பறிமுதல் செய்து அழித்தார். பம்பாய் வியாபாரிகளின் சரக்கும் அதில் போயிற்று. காண்டனில் அது ஒரு தேசத்தின் மானப் பிரச்னை. பம்பாயில் நஷ்டக் கணக்கு. தொடர்ந்து வந்த யுத்தம் 1842-ல் முடிந்தது. அதே வருஷம் ஜீஜீபாய்க்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1845-ல் அவர் பெயரால் ஆஸ்பத்திரி திறந்தார்கள். இன்றும் அங்கே ஏழைகள் பிழைத்து எழுந்து போகிறார்கள்.

இந்த உலகத்தை நாவலாக்கியவர் அமிதவ் கோஷ். 'ரிவர் ஆஃப் ஸ்மோக்' (2011) நாவலில் வரும் பார்ஸி வியாபாரி பாஹ்ராம் மோடி மறக்க முடியாத மனிதர். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. கோஷ் அவரைக் குற்ற உணர்ச்சியில் வாட்டுகிறார். ஊர் திரும்பவும் விடுவதில்லை. நியாயம் நடந்துவிட்டது என்று நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நிஜ ஜீஜீபாய் ஊரெல்லாம் கொண்டாட, 1859-ல் தம் ஊரிலேயே காலமானார். அவருக்கு ஒரு நாவல் எழுதுவது இன்னும் கஷ்டம்.

அபினியால் அழிந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் பிழைத்தவன் ஈடாக மாட்டான். முன்னவன் அழிந்தான் என்பதற்காகப் பின்னவன் பிழைத்தது பொய்யாகவும் ஆகாது. ஐந்தொகையை நேர் செய்வது கணக்கப்பிள்ளையின் வேலை. கதை எழுதுகிறவன் அதைச் செய்ய ஆரம்பித்தால் மனிதன் கையை விட்டுப் போய்விடுகிறான். ஒன்று வில்லனாகிறான், அல்லது வள்ளலாகிறான்.

அந்தப் பேரேட்டை எடைக்கு எடை விலை கொடுத்து வாங்கி வந்தேன். என் பழைய வட்டிக்காரர் கதையில் ஒரு மகமை வரி சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்தக் கதையை முதலிலிருந்து எழுத வேண்டும்.