ஒரே சொல், இரண்டு கிணறு

மழைக்கு ஏங்கும் கரிசல் ஊரான எட்டயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அரபு நாட்டில் மழை பெய்ய வைத்தவர் உமறுப்புலவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தின் நாட்டு வருணனையில் ஆறு பெருகுகிறது, நெல் விளைகிறது. காப்பியம் என்றால் நாட்டு வளம் பாடியாக வேண்டும் என்பது தமிழ் மரபு; பாலைவனமாயிற்றே என்று புலவர் தயங்கவில்லை. கரிசலில் வாழ்ந்தவருக்குத் தண்ணீர்மேல் இருந்த ஆசையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கடிகைமுத்துப் புலவர் இந்து. காப்பியத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் வள்ளல் சீதக்காதி. உமறுவை ஆதரித்த அரண்மனையோ வீட்டுக்குள் தெலுங்கு பேசிய எட்டப்ப நாயக்கர்களுடையது. கோவில்பட்டிக்கு ஒரு பக்கம் எட்டயபுரம்; இன்னொரு பக்கம் காமநாயக்கன்பட்டியில், தேம்பாவணி எழுதுவதற்கு முந்திய காலத்தில், வீரமாமுனிவர் சமயப்பணி செய்திருக்கிறார். அங்கே பரலோக மாதாவுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15-இல் திருவிழா. வேறு சாமி கும்பிடுகிறவர்களும் நேர்ச்சையோடு போவார்கள். கழுகுமலையில் ஒரே குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களும், பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியான முருகனும் இருக்கிறார்கள். அங்கிருந்த சமணப் பள்ளியில் குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

கரிசலின் பன்மையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களையும் வரிசையாக அடுக்கி, நல்லிணக்கம் என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். மேடைப் பேச்சுக்கு அது போதும். கிணற்றடியில், டீக்கடையில், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பலதரப்பட்டவர்கள் எப்படி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார்கள் என்று கேட்டால், கல்வெட்டை விட்டுவிட்டுக் கரிசல் எழுத்தாளர்களிடம்தான் வர வேண்டும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் சின்ன ஊர். அங்கிருந்து இருவர் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள்: 1970-இல், இறந்தபின், கு. அழகிரிசாமி, 1991-இல் கி. ராஜநாராயணன். கம்மவார் வீட்டுப் பிள்ளையான கி.ரா.வுக்குத் தாய்மொழி தெலுங்கு. எழுத்தில்லாத தெலுங்கு அது. வீட்டில் பேசுவார்கள், ஆந்திரத்திலிருந்து ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் ஓர் எழுத்தும் தெரியாது. படிப்பும் கணக்குவழக்கும் தமிழ்தான். இந்த இரட்டை வாழ்வின் பூர்வகதைதான் 1976-இல் வந்த 'கோபல்ல கிராமம்'. வடக்கே ஒரு துலுக்க ராஜாவுக்குப் பயந்து, பெண்ணைக் காப்பாற்றத் தெற்கே ஓடிவந்தவர்கள் காட்டை அழித்து ஊர் உண்டாக்குகிறார்கள். வந்தேறிகள் மண்ணின் மக்களாகும் கதையை இவ்வளவு வாஞ்சையோடு தமிழில் வேறு யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கதையில் இஸ்லாமியர் என்றால் தூரத்து ராஜா. பக்கத்துத் தெரு பாய், அந்தி நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பள்ளிவாசலில் ஓதி ஊதிவிடுகிற பாய், அதில் இல்லை. கரிசல் எழுத்தில் முஸ்லிம் வீட்டின் அடுப்படி அநேகமாகத் திறக்கவே இல்லை. தோப்பில் முஹம்மது மீரான் குமரிக் கடற்கரைக்குச் செய்ததை உமறுப்புலவரின் ஊர்ப்பக்கத்துக்கு யாராவது செய்திருக்க வேண்டும்.

தெலுங்கு பேசுவோர் என்றதும் பலர் நாயக்கர்களோடு நின்றுவிடுகிறார்கள். கம்மவார், ராஜகம்பளத்தார், ரெட்டியார் என்று பட்டியல் போகும். ஜக்கம்மாவைக் கும்பிட்டு, உறுமிக்குத் தேவராட்டம் ஆடுகிறவர்கள் ராஜகம்பளத்தார். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் அவர்களில் ஒருவர்தான். அவர் திருச்செந்தூர் முருகனின் பக்தரும்கூட. பட்டியலில் விட்டுப்போகிறவர்கள் ஊரின் கடைசித் தெருவில் இருக்கும் அருந்ததியர். அவர்கள் வீட்டிலும் தெலுங்குதான். தண்ணீரை நாயக்கரும் 'நீள்ளு' என்பார். கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவரும் 'நீள்ளு' என்பார். ஆனால் அந்த நீள்ளு இருவருக்கும் ஒரே கிணற்றில் கிடையாது. மொழி சேர்த்துவைக்கும், மதம் பிரித்துவைக்கும் என்று நாம் படித்த பாடம் இந்த ஊர்களில் செல்லாது. இங்கே பிரித்தது தெரு.

பூமணியின் 'பிறகு' (1979) அந்தக் கடைசித் தெருவிலிருந்து பேசுகிறது. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை வழியாகச் சுதந்திரத்துக்குப் பிந்திய கரிசல் கிராமத்தைப் பார்க்கிற நாவல். கரிசல் ஊர்களில் சாதி வேறானாலும் சின்னையா, பெரியம்மா, அண்ணாச்சி, மாமா என்று முறை வைத்துக் கூப்பிடுவார்கள். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அந்த முறை கடைசித் தெருவுக்குள் நுழைந்ததில்லை. அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லி, 'ஏலே' போட்டுக் கூப்பிட்டான். கி.ரா.வைப் படித்த கையோடு பூமணியைப் படிக்க வேண்டும் என்று நான் நண்பர்களிடம் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதே காடு, அதே பருத்தி, அதே கம்பு. உட்கார்ந்து பார்க்கும் இடம் மட்டும் வேறு. சோ. தர்மனின் 'கூகை' (2005) பள்ளர் (தேவேந்திரர்), பறையர், அருந்ததியர் குடிகளை வைத்து இதை இன்னும் கூர்மையாக்குகிறது.

மதம் இங்கே எப்படி வேலை செய்தது என்பதற்குக் கழுகுமலைதான் சாட்சி. தேரோடும் வீதியில் ஊர்வலம் போக நாடார்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியார் கத்தோலிக்கரானார்கள். அதே வீதியில் ஜெபக்கூடம் எழுந்தது. 1895-இல் பங்குனி உத்திரத் தேர் வரும்போது மோதல் மூண்டு உயிர்கள் போயின. நான்காண்டு கழித்துச் சிவகாசியில் அதைவிடப் பெரிய கலவரம். இவற்றை நூற்றாண்டுக் கதையாக விரித்ததுதான் பூமணிக்கு 2014-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித்தந்த 'அஞ்ஞாடி'. கழுகுமலைச் சம்பவத்தை இந்து - கிறிஸ்தவச் சண்டை என்று எழுதிவிடலாம், சுலபம். உற்றுப் பார்த்தால் சண்டை வீதிக்குத்தான். முருகன் தேரோடு நடக்க முடியாதவர்கள் மாதாவைத் துணைக்குக் கூட்டிவந்தார்கள்.

அண்மையில் இஸ்ரேலின் அன்றாடச் சமூகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த நினைவுகள்தான் குறுக்கே வந்தன. அங்கே வீட்டில் அரபியும் ரஷ்ய மொழியும் அம்ஹாரிக்கும், தெருவில் ஹீப்ரு. இது நமக்குப் பழகிய ஏற்பாடுதான். பள்ளிக்கூடங்கள் மட்டும் வெளிப்படையாகத் தனித்தனி: பொதுப்பள்ளி, சமயச் சார்புப் பள்ளி, தீவிர வைதிகர் பள்ளி, அரபுப் பள்ளி. கல்யாணம் அந்தந்த மதத்தின் அமைப்புகள் வழியாகத்தான். மதம் விட்டுக் கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் சைப்ரஸுக்கு விமானம் ஏறிப்போய் முடித்துவிட்டு வந்து பதிவு செய்கிறார்கள். சட்டம் அங்கே சுவர் எழுப்பியிருக்கிறது. நம்மிடம் 1954-லேயே சிறப்புத் திருமணச் சட்டம் வந்துவிட்டது. பதிவு அலுவலகம் பஸ் போகிற தூரத்தில். அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. பள்ளிக்கூடமும் எல்லோருக்கும் ஒன்றே, பெஞ்சும் ஒன்றே. பிரிவினையைப் பிள்ளைகளே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாதிக்கொரு நிறக் கயிறு. நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லியது.

பஸ்ஸும் தப்பவில்லை. கட்டபொம்மனுக்காக உயிர்விட்டவர் சுந்தரலிங்கம். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் வைத்தபோது, தேவேந்திரர் ஒருவரின் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பியது எதிர்ப்பு, கலவரமாகப் பரவியது. கடைசியில் அரசு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. அதில் கட்டபொம்மனின் பெயரும் போயிற்று. அந்தக் காலத்துப் படையில் சேர்ந்து நின்றவர்கள் பஸ் போர்டில் சேர்ந்து நிற்க முடியவில்லை.

தெருக்கள் நிஜமாகக் கலந்தது மழை பொய்த்ததால்தான். விவசாயம் கைவிட்டபின் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தது. எல்லாத் தெருப் பெண்களும், அப்போது சிறுபிள்ளைகளும், ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்தார்கள். குச்சி அடுக்குவதிலும் பெட்டி ஒட்டுவதிலும் கை வேகத்துக்குத்தான் கூலி. தூக்குவாளியில் யார் வீட்டுக் குழம்பு என்று கேட்காமல் கைமாறிய கதைகள் அங்கே உண்டு. இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பைத் தின்ற வண்டி அது. ஆனாலும் அரண்மனையும் மாதா கோயிலும் செய்யாத ஒன்றை அந்த வண்டி செய்தது. கரிசலின் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதாலோ என்னவோ, அந்த வண்டிக்குள் நடந்த பேச்சு இன்னும் முழுசாக எழுத்துக்கு வரவில்லை.

வீட்டுத் தெலுங்கைக் காப்பாற்றி வைத்திருந்ததும் பெண்கள்தான். இப்போது பாட்டி தெலுங்கில் கேட்கிறாள், பேரன் தமிழில் பதில் சொல்கிறான். மேலத்தெருவிலும் அப்படித்தான், கடைசித் தெருவிலும் அப்படித்தான். இரண்டு வீட்டுப் பையன்களும் இன்று தண்ணீர் என்றே சொல்கிறார்கள்.